பழைய கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைகள்: எதைக் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கலாம்

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, திருவாரூர் பக்கங்களில் கேசட் பாட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைகள் இன்னும் தேடினால் கிடைக்கின்றன. பெரும்பாலும் அது ஒரு செல்போன் கடையாக இருக்கும், இல்லையென்றால் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ, அதுவும் இல்லையென்றால் பழைய ரிக்கார்டிங் சென்டர். மூன்று இடத்திலும் நாம் கேட்பது ஒரே வேலைதான். கைக்கு வருவது மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. பரணில் கிடக்கும் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போவதற்கு முன், எந்தக் கேசட்டுக்குக் காசு செலவழிப்பது, எந்தக் கடையில் கொடுப்பது என்று இரண்டு முடிவு எடுக்க வேண்டும். முதல் முடிவில்தான் பலரும் தவறிப்போகிறார்கள்.

கடைக்கு முதலில் போவது பெருமையான கேசட்டுகள். இளையராஜா இசையில் எஸ்.பி.பி.யும் ஜானகியும், எம்.எஸ்.வி. இசையில் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும், நடுவே யேசுதாஸ். எக்கோ, இன்ரெக்கோ, சங்கீதா என்று கம்பெனி அட்டையோடு வந்தவை. இவற்றுக்குப் பத்து பைசா செலவழிக்க வேண்டாம். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை இணையத்தில் நல்ல தரத்திலேயே கிடைக்கின்றன. முப்பது நாற்பது வருஷம் தேய்ந்த நாடாவிலிருந்து எடுத்து அதைவிட நல்ல ஒலியைக் கொண்டுவர எந்தக் கடையாலும் முடியாது.

ரிக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த செலக்‌ஷன் கேசட்டுகள் வேறு சங்கதி. அதில் இருப்பதும் சினிமாப் பாட்டுதான், ஆனால் மதிப்பு அந்த வரிசைக்கு. 60 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு, 90 நிமிஷக் கேசட்டில் பத்துப் பாட்டு. இந்தப் பக்கத்து வழக்கப்படி ஏ பக்கம் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டில் தொடங்கும். பிறகு டி.எம்.எஸ்., பி.பி. ஸ்ரீனிவாஸ் என்று வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் போடக்கூடிய பாட்டாகப் போகும். பி பக்கத்தைத் திருப்பினால்தான் லிஸ்ட் எழுதியவரின் நிஜமான ருசி தெரியும். எல்.ஆர். ஈஸ்வரியின் கிளப் டான்ஸ் பாட்டு வரும், தேவாவின் கானா வரும், எஸ்.ஏ. ராஜ்குமாரின் 'லா லா' கோரஸ் வரும். டி. ராஜேந்தரின் அடுக்குமொழிச் சோகமும் கண்டிப்பாக வரும்.

இப்படிப்பட்ட கேசட்டை மாற்ற வேண்டியதில்லை. உள்ளட்டையை இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் இணையத்திலிருந்து பாட்டுகளைக் கோத்தால் போதும். ஆனால் கோக்கும்போது பி பக்கத்தை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள் என்று ராஜேந்தர் பாட்டை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. மாயவரத்துக்காரரான அவர் 1980இல் வந்த 'ஒருதலை ராகம்' படத்தில் டி.எம்.எஸ்., எஸ்.பி.பி., ஜெயச்சந்திரன் மூவருக்கும் அவரவர் குரலுக்குத் தோதான பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்துக் கொடுத்தவர். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. எல்.ஆர். ஈஸ்வரிக்கும் அதே நியாயம்தான். ஆடி மாசம் முழுக்கத் தெருவில் அவர் பாடிய மாரியம்மன் பாட்டைச் சத்தமாக வைக்கிறோம். கிளப் பாட்டிலும் அதே குரல்தான், அதே மூச்சுப்பிடிதான். ஒன்றை ஊருக்கும் இன்னொன்றைப் பெட்டிக்குள்ளும் வைப்பதில் அர்த்தம் இல்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் விற்கும் ரெடிமேட் பென்டிரைவை வாங்கி இந்த வேலையைச் சுருக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உரிமை பெறாத பதிவுகள் என்பது ஒரு பக்கம். பாடகர் பெயரும் தாறுமாறாக இருக்கும். ஜெயச்சந்திரன் பாடியது யேசுதாஸ் பெயரில் இருக்கும், மலேசியா வாசுதேவன் பாடியது எஸ்.பி.பி. தொகுப்பில் இருக்கும், ஜமுனா ராணி எல்.ஆர். ஈஸ்வரி ஆகிவிடுவார்.

காசு கொடுத்து மாற்ற வேண்டியவை வேறே. கோயில் திருவிழாக் கமிட்டி போட்ட அம்மன் பாட்டு, வேளாங்கண்ணி கடையில் வாங்கிய மாதா பாட்டு, சின்னக் கம்பெனிகள் போட்ட நாட்டுப்புறப் பாட்டு, தேர்தல் நேரத்துக் கட்சிப் பாட்டு, வள்ளி திருமண நாடகம், குறவன் குறத்தி ஆட்டத்தின் நையாண்டிக் கேசட். நாகூர் ஹனிபாவின் புகழ்பெற்ற பாடல்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் ஏதோ ஒரு ஊர் மேடையில் அவர் பாடியதை யாரோ பதிந்து வைத்திருந்தால், அது அந்த நாடாவில் மட்டுமே இருக்கும். 'இதையெல்லாம் போய்க் கடையில் கொடுப்பதா' என்று கூச்சப்பட்டு ஒதுக்கும் கேசட்டுகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான். மாஸ்டர் என்னும் மூலப் பதிவு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாத பதிவுகள் அவை. முதலில் அவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இலங்கை வானொலியிலிருந்து பிடித்தவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் கடலோரத்தில் அந்த ஒலிபரப்பு உள்ளூர் நிலையம்போலத் தெளிவாக விழுந்தது. ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் சேர்ந்த டூ இன் ஒன் வாங்கிய வீடுகளில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கு நடுவே பி.எச். அப்துல் ஹமீத் பேசுவதும் கே.எஸ். ராஜாவின் மின்னல் வேக அறிவிப்பும் இருந்தால் அந்தக் கேசட்டுக்குப் பாட்டைவிடப் பேச்சுதான் விலை. கடையில் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் கொடுப்பார்கள். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த குரல் கடிதங்கள், திருவீதி உலாவில் பதிந்த நாகஸ்வரம், கல்யாணக் கச்சேரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சில கேசட்டில் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் அத்தாவின் குரல் என்று இருக்கும். அட்டையை நம்பாமல் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கடைகள்.

செல்போன் கடையில் பெரும்பாலும் வாக்மேன் அளவில் ஒரு யுஎஸ்பி பிளேயர் இருக்கும், நேராக லேப்டாப்பில் சொருகுவார்கள். மோட்டார் வேகம் நிலையாக இருக்காது, நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சரிசெய்ய வழி இருக்காது, சத்தத்தோடு ஒரு 'கிர்' சேர்ந்து வரும். பிளேயர் இல்லாத கடையில் பழைய டேப்ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஒயர் போடுவார்கள். இது அதைவிட மோசம். மைக் துளை மிகச் சின்ன சிக்னலுக்காகச் செய்யப்பட்டது, பெரும்பாலும் ஒற்றைச் சானல். அதில் இயர்போன் சத்தத்தைக் கொடுத்தால் உச்ச இடமெல்லாம் உடைந்து கரகரக்கும். அப்படி உடைந்ததைப் பிறகு எந்த சாஃப்ட்வேரும் சேர்க்காது. பேச்சு மட்டும் உள்ள கேசட்டுக்கு, அவசரத்துக்கு, இந்தக் கடை போதும். பாட்டுக்கு வேண்டாம்.

வீடியோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரும் சவுண்ட் கார்டும் நன்றாக இருக்கும். விஎச்எஸ் வீடியோ கேசட்டை மாற்றுவதில் பழக்கமும் உண்டு. குறை வேறு இடத்தில் வருகிறது. பாட்டுக் கேசட்டை ஓட்டும் ஆடியோ டெக் அவர்களுக்கு முக்கியமில்லாத சாமான், வருஷக்கணக்கில் துடைக்காமல் கிடக்கும். இன்னொன்று, இரைச்சல் என்றாலே எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம். சாஃப்ட்வேரில் இரைச்சலை முழுக்க வழித்தால் புல்லாங்குழலின் மூச்சும் ஜால்ராவின் ஓசையும் சேர்ந்து போய், பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்துவிடும். ரிக்கார்டு தட்டிலிருந்து பதிந்த கேசட்டில் 'டிக் டிக்' சத்தத்தை எடுக்கும் வசதியைக் கண்மூடிப் போட்டால் அது தவில் அடியையும் 'டிக்' என்று நினைத்து நறுக்கும். ஸ்டூடியோவில் கொடுப்பதானால் ஒரே ஒரு நிபந்தனை: எதையும் சுத்தம் செய்யாமல், ஓடியது ஓடியபடி ஒரு பைல் வேண்டும். சுத்தம் செய்தது தனியாக வேண்டுமானால் இருக்கட்டும்.

பழைய ரிக்கார்டிங் சென்டர் நடத்தியவர் இன்னும் டெக்கை வைத்திருந்தால் அங்கேதான் கொடுக்க வேண்டும். காரணம் காது. எந்தக் கேசட் எப்படிப் பதியப்பட்டிருக்கும் என்பது அவர் கைப்பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பழைய ஆள் என்பதற்காக மட்டும் நம்பிவிடவும் கூடாது. சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஹெட். ஒவ்வொரு நாலைந்து கேசட்டுக்கும் ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டையும் அதன் பக்கத்து உலோகத் தண்டையும் துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நாடாவிலிருந்து உதிரும் பொடி, அது படிந்தால் ஒலி மந்தமாகும். ரப்பர் ரோலர் பளபளவென்று வழுக்கினால் நாடா கோணலாக இழுபட்டு உள்ளே சுருளும். டெக்கைத் திறந்து பெல்ட் பார்த்த நாள் எது என்று கேளுங்கள். பழைய பெல்ட் இளகித் தார்போல ஆகி வேகத்தைக் கெடுக்கும்.

அடுத்தது ஹெட்டின் கோணம். இதுதான் நல்ல கடையையும் மட்டமான கடையையும் பிரிக்கிறது. ஒவ்வொரு ரிக்கார்டிங் சென்டரின் டெக்கிலும் ஹெட் துளித்துளி வேறு கோணத்தில் இருந்தது. பதிந்த கோணமும் ஓட்டும் கோணமும் பொருந்தாவிட்டால் மேல்ஸ்தாயி மங்கிவிடும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்குரூ இருக்கும். கேசட் ஓடும்போதே, இரண்டு சானலையும் ஒன்றாக்கிக் கேட்டபடி, அதை மெல்ல இப்படியும் அப்படியும் திருகினால் ஓரிடத்தில் ஜால்ராவும் 'ச'கர ஒலியும் பளிச்சென்று தெளியும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்ய வேண்டும், பக்கம் மாறினால் மறுபடியும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் 'கேசட் பழசு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லும் கடையிலிருந்து கேசட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். நாடாவில் ஒலி அப்படியே இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. தானாகவே பக்கம் மாறும் ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் ஹெட் சுழல்வதால் இந்தக் கோணம் நிலைப்பது கஷ்டம். ஒருபக்கம் மட்டும் ஓடும் டெக்கே மேல்.

வேகம் சரியா என்பதைக் கேசட் முடியும் நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. 60 என்று போட்ட கேசட்டிலேயே கொஞ்சம் கூடுதல் நாடா இருக்கும். தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்று அதே டெக்கில் பதிந்த கேசட்டில் இருந்தால், அதை இணையத்தில் உள்ளதோடு சேர்த்துக் கேட்கலாம். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், டி.எம்.எஸ். குரல் இளைத்துப்போகும். நாகஸ்வரம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

இரைச்சலைக் குறைப்பதற்கான டால்பி பித்தானை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ரிக்கார்டிங் சென்டர் கேசட்டுகளில் பெரும்பாலும் அது போடப்பட்டிருக்காது. போடாததை டால்பியோடு ஓட்டினால் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகிவிடும். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளும் உடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிட்டுக் கொடுங்கள். உடைக்காவிட்டால் தவறிப்போய் ரெக்கார்ட் பித்தான் அமுங்கினால் பழைய பதிவு போய்விடும்.

வருஷக்கணக்கில் ஓடாத கேசட்டை நேராக பிளே போடக் கூடாது. ஒருமுறை முழுக்க முன்னுக்கு ஓட்டி, முழுக்கப் பின்னுக்குச் சுற்றி, பிறகுதான். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். சத்தம் அலையலையாக ஏறி இறங்கினால் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத் திண்டு பசை விட்டு விழுந்திருக்கும். அப்போது உள்ளே இருக்கும் இரண்டு சுருளையும் ஸ்குரூ வைத்த வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஸ்குரூ இல்லாத, ஒட்டிய கூடாக இருந்தால் விளிம்பைக் கீறித்தான் திறக்க முடியும், பொறுமையான கை வேண்டும். 120 நிமிஷக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, எளிதில் சிக்கும். அதைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

காவிரி டெல்டாவின் ஈரத்தில் பெரிய எதிரி பூஞ்சை. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுற்றின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அப்படி ஒரு கேசட்டை டெக்கில் போட்டால் அடுத்து வரும் எல்லாக் கேசட்டுக்கும் தொற்றும். நல்ல கடையில் அதை ஒதுக்கி வைத்து, காய விட்டு, கூட்டைத் திறந்து மெல்லிய துணியால் துடைத்துச் சுற்றிய பிறகே ஓட்டுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கத்து வீடுகளில் கூரை போய் நனைந்த பெட்டிகள்போல, தண்ணீர் பட்டவற்றை வெயிலில் வைக்கவே கூடாது, நாடா சுருண்டுவிடும். சேறோ உப்புத்தண்ணீரோ பட்டிருந்தால் கூட்டைத் திறந்து சுத்தமான காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். முழுக்க உலராமல் ஓட்டிப் பார்க்கும் ஆசைதான் பல கேசட்டுகளைக் கெடுக்கிறது.

எவ்வளவு நேரத்தில் தருவார்கள் என்பதும் ஒரு சோதனை. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். கோணம் பார்ப்பது, பெயர் போடுவது சேர்த்தால் ஒன்றரை மணி. இருபது கேசட்டைக் காலையில் கொடுத்தால் சாயங்காலம் ரெடி என்று சொல்லும் கடை இரட்டை வேகத்தில் ஓட்டுகிறது அல்லது யாரும் கேட்காமலேயே நாலு டெக்கை ஓடவிடுகிறது. விலை அங்கே குறைவாகத்தான் இருக்கும். நாடகம், நாகஸ்வரம் போன்றவற்றுக்கு நேரத்தைக் கணக்கிட்டுக் காசு கேட்கும் கடையே நியாயமான கடை.

எந்த வடிவத்தில் வாங்குவது என்பதில் சுருக்கமாகச் சொன்னால், கிடைத்தற்கரிய பதிவு என்றால் ஒலியைச் சுருக்காத வேவ் பைல் கேளுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், 60 நிமிஷக் கேசட்டுக்கு 600 எம்பிக்குக் கொஞ்சம் மேல். காரில் கேட்க 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு பிரதி போதும், அது அதே கேசட்டுக்கு 145 எம்பிக்குள் வரும். ஒரு மணி நேரப் பைல் 60 எம்பிக்கும் குறைவாக இருந்தால் 128 கேபிபிஎஸ்ஸுக்கோ அதற்கும் கீழேயோ இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள், திரும்ப எடுக்கச் சொல்லலாம். ஒற்றை மைக்கில் பதிந்த கேசட்டாக இருந்தாலும் எடுப்பது ஸ்டீரியோவாகவே இருக்கட்டும். ஒரு சானல் பழுதானால் மறுசானல் காப்பாற்றும்.

பாட்டுப் பாட்டாகப் பிரிப்பதை சாஃப்ட்வேரிடம் விடக் கூடாது. அது மௌனம் எங்கே வருகிறது என்று பார்த்து வெட்டும். இடைவெளி இல்லாமல் பதிந்த இரண்டு பாட்டு ஒன்றாகிவிடும். ராக ஆலாபனையில் வித்வான் மூச்சு விடும் இடம் தனிப் பாட்டாகிவிடும். நாகஸ்வரப் பதிவுகளைப் பிரிக்கவே வேண்டாம், பக்கத்துக்கு ஒரு பைலாகவே வாங்குங்கள். டூ இன் ஒன்னின் சொந்த மைக்கில் பதிந்தவற்றில் தவில் முழங்கும்போது மொத்தச் சத்தமும் அமுங்கி, தவில் நின்றதும் மெல்ல ஏறும். கருவி தானாகவே சத்தத்தைக் கட்டுப்படுத்தியதால் வந்தது அது. அதைச் சமன்செய்கிறேன் என்று ஒரே மட்டத்துக்கு இழுத்தால் ஆலாபனைக்குப் பின்னால் கூட்டத்தின் இரைச்சல் பொங்கி எழும். அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில் பார்மேட் செய்து வாங்கினால்தான் பழைய கார் பிளேயர்களும் கோயில் மைக் செட்காரர் வைத்திருக்கும் பிளேயரும் படிக்கும். அந்த முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, கேசட்டுக்கு அது பிரச்சினை இல்லை. பைல் பெயரைத் தமிழில் போட்டால் பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். 001, 002 என்று எண் கொடுத்து ஆங்கில எழுத்தில் போடச் சொல்லுங்கள். எண் இல்லாவிட்டால் பிளேயர் அகர வரிசைக்கு மாற்றி, அந்தக் கேசட்டின் வரிசையையே குலைத்துவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் கேசட், பக்கம் இரண்டையும் குறிக்க வேண்டும். உள்ளட்டையின் படத்தையும் அதே போல்டரில் போடச் சொல்லுங்கள்.

கடையை விட்டு இறங்குவதற்கு முன் ஒவ்வொரு பைலிலும் தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்தையும் இயர்போனில் கேளுங்கள். தொடக்கத்தில் சில விநாடி வெறும் நாடா ஓசை இருந்தால் நல்லது, எதையும் வெட்டவில்லை என்று அர்த்தம். நடுவில் இடது, வலது காது இரண்டிலும் ஒலி வர வேண்டும். முடிவில், கடைசிப் பாட்டு பாதியில் நின்றால் பதற வேண்டாம். இடம் போதாமல் நாடா தீர்ந்த இடத்தில் அறுந்த பாட்டு எல்லா செலக்‌ஷன் கேசட்டிலும் உண்டு. ஆனால் அதே பக்கத்தை டெக்கில் ஓட்டிக் காட்டச் சொல்லி, அங்கேயும் அதே சொல்லில்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கேசட்டுகளையும் எண்ணித் திரும்ப வாங்கி, ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல், தூசி புகாத டப்பாவில் நிறுத்தி வையுங்கள். பென்டிரைவ் என்றைக்கு வேண்டுமானாலும் படிக்காமல் போகலாம். வீட்டுக் கம்ப்யூட்டரிலோ இன்னொரு டிரைவிலோ அன்றைக்கே ஒரு பிரதி ஏற்றிவிட வேண்டும்.